அப்பாவின் பழைய பிளாக்பெர்ரி 7290: பாஸ்வேர்டு மறந்துவிட்டது, 4 முறை தவறாகப் போட்டுவிட்டேன்

நொய்யல் | சனி, இரவு 8:15

வணக்கம். வீட்டுக்கு வெள்ளையடிக்க பீரோவை நகர்த்தியபோது அப்பாவின் பழைய பிளாக்பெர்ரி கிடைத்தது. நீல நிறம், பேட்டரியைக் கழற்றினால் உள்ளே 7290 என்று போட்டிருக்கிறது. இடுப்பில் மாட்டும் உறையும் கூடவே இருந்தது. அப்பா திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர். 2005 முதல் 2008 கடைசி வரை இதுதான் அவர் கையில். அப்போது நான் சின்னப் பெண். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு அலமாரி மேல் சிவப்பாக ஒரு புள்ளி விட்டு விட்டு மின்னும். அப்பா எழுந்து உட்கார்ந்துவிடுவார். நியூயார்க்கில் பையர் ஆபீஸ் திறந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்துவிடும்.

காந்திபுரத்தில் ஒரு கடையில் பொருத்தமான பேட்டரி கிடைத்தது. போட்டதும் மணல் கடிகாரம் சில நிமிடம் சுற்றியது, அப்புறம் பாஸ்வேர்டு கேட்டது. அப்பாவுக்கு நினைவில்லை. வீட்டு நம்பர், வண்டி நம்பர், என் பிறந்த தேதி என்று நான்கு முறை போட்டுப் பார்த்தேன். உள்ளே அவருடைய மெயில்கள் இருக்குமா? எப்படித் திறப்பது?

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. "மெயில் பார்ப்பதற்கு மட்டும் ஒரு போன், அதில் என்ன அதிசயம்" என்கிறான் என் சித்தப்பா மகன். பெரிய கம்பெனிகள் எல்லாம் இதையே ஏன் வாங்கிக் கொடுத்தன?

---

சர்வர் அறை | சனி, இரவு 8:31

முதலில் கையை எடுங்கள். இனி ஒரு முறைகூட ஊகத்தில் போட வேண்டாம்.

பத்து முறை தவறினால் கருவி தன்னைத்தானே முழுவதும் அழித்துக்கொள்ளும். எச்சரிக்கை என்று எழுதிவிட்டு சும்மா இருக்கிற விஷயம் இல்லை இது, உண்மையாகவே அழித்துவிடும். அந்தப் பத்தையும் கம்பெனி நிர்வாகி குறைத்து வைக்கலாம், ஐந்து என்றோ மூன்று என்றோ. திரையில் அடைப்புக்குறிக்குள் எத்தனையாவது முறை, மொத்தம் எத்தனை என்று காட்டும். அதைப் பார்த்துச் சொல்லுங்கள். மொத்தம் 10 என்றால் பாதி கடந்ததும் 'பிளாக்பெர்ரி' என்ற சொல்லை ஆங்கிலத்தில் அடிக்கச் சொல்லும். உறைக்குள் இருக்கும்போது பட்டன் தானாக அழுந்தி எல்லாம் அழிந்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த தடை அது.

இன்னும் இரண்டு விஷயம். சிம் போடாதீர்கள். திறந்துவிட்டால் தேதியை இன்றைய தேதிக்கு மாற்றாதீர்கள். மெயில்களை 30 நாள் மட்டும் வைத்திரு என்பதுதான் இதன் வழக்கமான அமைப்பு. 2008 மெயிலை வைத்துக்கொண்டு இன்றைய தேதியைச் சொன்னால், பழைய குப்பை என்று அதுவே நீக்கிவிடும்.

மெயில்கள் ஃபிளாஷ் நினைவகத்தில் இருக்கும், பேட்டரி செத்ததால் போயிருக்காது.

இரண்டாவது கேள்விக்கு நிதானமாக எழுதுகிறேன். ஏழு வருடம் அந்தச் சர்வரோடு குடித்தனம் நடத்தியவன் நான்.

---

நொய்யல் | சனி, இரவு 8:40

பத்துதான் காட்டுகிறது. நான்கு போய்விட்டது. தொடவே இல்லை, அப்படியே வைத்துவிட்டேன். நன்றி அண்ணா.

---

சர்வர் அறை | சனி, இரவு 10:52

சரி, இப்போது அதிசயம் எங்கே இருந்தது என்று சொல்கிறேன். போனை மட்டும் பார்த்தால் தெரியாது. அந்தப் போன் ஒரு கயிற்றின் ஒரு முனை, மறுமுனை கம்பெனியின் சர்வர் அறையில் இருந்தது. அதற்குப் பெயர் பிளாக்பெர்ரி என்டர்பிரைஸ் சர்வர், நாங்கள் பெஸ் என்போம்.

உங்கள் அப்பாவுக்கு நியூயார்க்கில் இருந்து ஒரு மெயில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது முதலில் கம்பெனியின் மெயில் சர்வருக்கு வரும், எக்ஸ்சேஞ்சோ லோட்டஸ் டாமினோவோ. பெஸ் அந்தப் பெட்டியைக் கவனித்துக்கொண்டே இருக்கும். மெயில் விழுந்ததும் எடுத்து, முதல் 2 கிலோபைட்டை மட்டும் வெட்டி, சுருக்கி, பூட்டி, பிளாக்பெர்ரியைச் செய்த கனடாவின் ரிம் நிறுவனம் நடத்திய வலைக்கு அனுப்பும். அங்கிருந்து மொபைல் கம்பெனியின் டவர், டவரில் இருந்து அப்பாவின் இடுப்பு. மீதி வேண்டும் என்றால் அடியில் 'மோர்' என்று இருக்கும், அதைத் தட்டினால் அடுத்த துண்டு வரும். டேட்டாவை கே.பி. கணக்கில் எண்ணிக் காசு வாங்கிய காலம், ஜி.பி.ஆர்.எஸ். வேகம். பத்தில் எட்டு மெயிலுக்கு முதல் 2 கே.பி. போதும் என்று யோசித்தார்களே, அந்தச் சிக்கனம்தான் எனக்கு இன்றும் பிடித்தது.

மற்ற போன்கள் அப்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சர்வரைத் தட்டி "ஏதாவது வந்ததா, ஏதாவது வந்ததா" என்று கேட்கும். ஒவ்வொரு தட்டலுக்கும் பேட்டரி கரையும். இது கேட்கவே கேட்காது. வந்தால் சர்வர் தள்ளிவிடும்.

அடுத்தது பூட்டு. ஆரம்ப காலத்தில் புதுக் கருவியைத் தொட்டில் என்கிற தாங்கியில் வைத்து ஊழியரின் கம்ப்யூட்டரோடு இணைப்போம். திரையில் ஒரு கட்டம் வந்து மவுஸைக் கண்டபடி ஆட்டச் சொல்லும். அந்த ஆட்டத்தில் இருந்துதான் சாவி பிறக்கும். மேனேஜர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டே மவுஸைச் சுற்றுவார்கள். அந்தச் சாவியின் ஒரு பிரதி போனில், ஒரு பிரதி கம்பெனியிடம். மூன்றாவது பிரதி கிடையாது. அதோடு ஒவ்வொரு 2 கே.பி. துண்டுக்கும் புதிதாக ஒரு தற்காலிகச் சாவி உருவாகும். துண்டை அதனால் பூட்டி, அந்தத் தற்காலிகச் சாவியை மூலச் சாவியால் பூட்டி அனுப்புவார்கள். பூட்டும் முறை முதலில் ட்ரிபிள் டெஸ், பெஸ் 4.0 வந்த பிறகு ஏ.இ.எஸ். முறையும் சேர்ந்தது.

நடுவில் ரிம்மின் வலை இருக்கிறது, மொபைல் கம்பெனி இருக்கிறது. இருவருக்கும் கிடைப்பது பூட்டிய பெட்டி மட்டும். யாருக்குப் போகிறது என்று தெரியும், உள்ளே என்ன என்று தெரியாது.

கம்பெனி வலைக்குக் காவல் சுவராக நிற்கும் ஃபயர்வாலைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு இதில் இன்னொரு சந்தோஷம் இருந்தது. பெஸ் உள்ளிருந்து வெளியே 3101 என்ற போர்ட்டில், அதாவது இணைப்பு வாசலில், தானே போய் இணைந்துகொள்ளும். வெளியில் இருந்து உள்ளே வர ஒரு ஓட்டைகூடப் போட வேண்டியதில்லை. பாதுகாப்பு அதிகாரி கையெழுத்துப் போட்டதே இதற்காகத்தான்.

4.0-வில் தொட்டில் வேலை போயிற்று. நான் ஒரு ஆக்டிவேஷன் பாஸ்வேர்டு போட்டுக் கொடுப்பேன், 48 மணி நேரம் செல்லும். ஊழியர் எந்த ஊரில் இருந்தாலும் தன் மெயில் முகவரியையும் அதையும் போனில் போட்டால் ஆயிற்று. அவருடைய பெட்டிக்கு இ.டி.பி. டாட் டேட் என்ற இணைப்போடு ஒரு மெயில் வரும், பெஸ் அதைப் பிடித்துக்கொண்டு போனோடு பேசிச் சாவியை உருவாக்கும். வைரஸ் ஸ்கேனர் அந்த இணைப்பை சந்தேகப்பட்டு வெட்டிவிட்டால் ஆக்டிவேஷன் அப்படியே நின்றுவிடும். ஒரு முறை சிங்கப்பூரில் இருந்த ஒரு டைரக்டருக்காக விடிய விடிய உட்கார்ந்து, கடைசியில் குற்றவாளி அந்த ஸ்கேனர்தான் என்று கண்டுபிடித்தேன்.

---

ஸ்காபரோ வாசி | ஞாயிறு, காலை 6:20

சர்வர் அறை எழுதியதை வாசிக்க எனக்கும் பழைய நாட்கள் ஞாபகம் வந்தது. நான் இருக்கிற இடத்தில் இருந்து வாட்டர்லூ நகரம் மேற்கே காரில் ஒன்றரை மணித்தியாலம். ரிம் நிறுவனத்தை மைக் லசாரிடிசும் டக்ளஸ் ஃப்ரெகினும் 1984இல் அங்கேதான் தொடங்கினார்கள். ஜிம் பால்சிலி 1992இல் வந்து சேர்ந்தார்.

தங்கச்சி, உங்கட அப்பாவின் 7290 உண்மையில் பிந்திய பிள்ளை. பிளாக்பெர்ரி என்ற பெயரோடு மின்னஞ்சல் சேவை 1999இல் வந்தபோது இருந்தவை 850, 950 என்ற சின்னக் கருவிகள். பேஜர் மாதிரி இருக்கும். கதைக்கவே முடியாது, மின்னஞ்சல் மட்டும். உள்ளே இன்டெல் 386 சிப். மின்சாரம் ஒற்றை ஏ.ஏ. பற்றரியில் இருந்து. சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற அதே பற்றரி! தீர்ந்தால் எந்தப் பெட்டிக்கடையிலும் வாங்கலாம்.

அவை ஓடியது குரல் அழைப்பு வலையில் இல்லை. மோபிடெக்ஸ், டேட்டாடாக் என்று தரவுக்கென்றே இருந்த வலைகள். 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கிலும் வாஷிங்டனிலும் கைத்தொலைபேசிகள் நெரிசலில் அடைபட்டபோது இவற்றில் செய்தி போய் வந்துகொண்டிருந்தது அதனால்தான். அதற்குப் பிறகு அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களுக்கே இந்தக் கருவிகளைக் கொடுத்தார்கள்.

தொலைபேசி சேர்ந்தது 2002இல், 5810 மாடலில். அதிலும் காதில் வைத்துக் கதைக்க ஏலாது, ஹெட்செட் மாட்ட வேண்டும். அதற்குப் பிறகு வந்த மாடல்களில்தான் சாதாரணத் தொலைபேசி போலப் பாவிக்க முடிந்தது. 2003இலேயே நிறத்திரை 7230 வந்தது, உங்கட 7290 அந்த வழியில் வந்தது.

காப்புரிமை வழக்கையும் சொல்ல வேண்டும். என்.டி.பி. என்ற நிறுவனம் ரிம் மீது 2001இல் போட்ட வழக்கு, 2006 மார்ச்சில் 61 கோடியே 25 இலட்சம் டொலர் கொடுத்துத்தான் முடிந்தது. அமெரிக்காவில் சேவையே நின்றுவிடுமோ என்று கந்தோர்களில் அந்த மாதங்களில் இதே கதைதான்.

---

ஐயம் | ஞாயிறு, காலை 9:05

எல்லோரும் புகழ்வதால் மறுபக்கத்தையும் வைக்கிறேன். இவ்வளவு பூட்டு என்றால் செய்திகளைப் பார்க்க வழி செய்யச் சொல்லி இந்திய அரசு 2010 ஆகஸ்ட் 31 என்று கெடு வைத்ததும் நிறுவனம் எப்படி இறங்கி வந்தது? மும்பையில் சர்வர் வைத்தது எதற்கு? பி.ஐ.என். செய்தியை எந்த பிளாக்பெர்ரியாலும் திறக்க முடியும் என்றும் படித்திருக்கிறேன். "பாதுகாப்பானது" என்ற சொல்லை எதை வைத்துச் சொல்கிறோம்?

---

சர்வர் அறை | ஞாயிறு, காலை 10:18

நியாயமான கேள்வி. பயனர்களுக்கு நான் அன்று எடுத்த வகுப்பிலும் இதைத்தான் முதலில் பிரித்துச் சொல்வேன். ஒரே போனில் மூன்று விதமான அஞ்சல் இருந்தது, மூன்றுக்கும் பூட்டு வேறு.

கம்பெனி மெயில், பெஸ் வழியாகப் போவது. சாவி கம்பெனியிடமும் போனிடமும் மட்டும். அரசு கேட்டபோது ரிம் சொன்ன பதில் இதுதான்: எங்களிடம் பொதுச் சாவி இல்லை, பின்கதவும் இல்லை, வாடிக்கையாளரே சாவியை உருவாக்குகிறார். இது சாக்குப்போக்கு இல்லை. அமைப்பே அப்படி. சாவி வேண்டுமானால் அந்தந்தக் கம்பெனியிடம்தான் கேட்க வேண்டும்.

தனிநபர் மெயில், பிளாக்பெர்ரி இன்டர்நெட் சர்வீஸ் வழியாக வருவது. வீட்டுக்கு வாங்கியவர்கள் தங்கள் சொந்த மெயில் கணக்கை இதில் இணைப்பார்கள். இதில் இந்த முனைக்கு முனை பூட்டு கிடையாது.

மூன்றாவது பி.ஐ.என். செய்தி. ஒவ்வொரு கருவிக்கும் எட்டு இலக்க அடையாள எண் உண்டு, அந்த எண்ணுக்கு நேராக அனுப்புவது. நீங்கள் படித்தது சரி. எல்லாக் கருவிகளிலும் ஒரே பொதுச் சாவி இருந்தது. கலைத்துப் போட்டது போலத்தான், பூட்டியது ஆகாது. கம்பெனி விரும்பினால் தனக்கென்று ஒரு சாவி போட்டுக்கொள்ளலாம், அப்படிப் போட்டால் வெளியாட்களோடு பி.ஐ.என். பரிமாற முடியாது. எங்கள் அலுவலகத்தில் பி.ஐ.என். செய்தியை நான் மூடியே வைத்திருந்தேன். பலருக்கு என் மேல் கோபம்.

அரசோடு நடந்த இழுபறி கடைசியில் போய் நின்றது பிளாக்பெர்ரி மெசஞ்சர் என்ற அரட்டை வசதியிலும் தனிநபர் மெயிலிலும். கம்பெனி மெயிலின் பூட்டு அப்படியே இருந்தது. ஆகவே "பிளாக்பெர்ரி பாதுகாப்பானது" என்று ஒரே வாக்கியமாகச் சொன்னால் தவறு. "பெஸ் வழி மெயில் பாதுகாப்பானது" என்று சொன்னால் சரி.

---

துபாய் கணக்கர் | ஞாயிறு, காலை 11:40

ஐயம் கேட்டதோடு ஒன்று சேர்க்கிறேன். இங்கே அமீரகத்தில் 2009 ஜூலையில் ஒரு தொலைபேசி நிறுவனம் வாடிக்கையாளர்களின் பிளாக்பெர்ரிக்கு 'மேம்பாடு' என்று ஒரு மென்பொருளைத் தள்ளியது. வேவு மென்பொருள் என்று ரிம்மே வெளிப்படையாக அறிவித்து, நீக்கும் கருவியையும் கொடுத்தது. போன்கள் சூடாகி பேட்டரி தீர்ந்ததால்தான் ஆட்களுக்கே சந்தேகம் வந்தது. நடுவழியில் உடைக்க முடியாததால் முனையில் கை வைத்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. பூட்டு உறுதியாக இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி, முனையைக் காக்காவிட்டால் பூட்டால் பயனில்லை என்பதற்கும் அதுவே சாட்சி.

அடுத்த வருடம் இங்கே சேவையையே அக்டோபர் 11 முதல் நிறுத்துவதாக அறிவித்து, கெடுவுக்குச் சில நாள் முன்பு கைவிட்டார்கள்.

---

சர்வர் அறை | ஞாயிறு, பகல் 12:30

முனையைக் காப்பது பற்றிச் சொன்னீர்கள், அதற்கு ஐ.டி. பாலிசி என்று ஒரு தனி உலகமே இருந்தது. நூற்றுக்கணக்கான விதிகள். பாஸ்வேர்டு எத்தனை எழுத்து, எத்தனை நிமிடத்தில் பூட்ட வேண்டும், வெளி மென்பொருள் ஏற்றலாமா, எல்லாம் என் மேசையில் இருந்து தீர்மானிக்கலாம். ஊழியர் மாற்ற முடியாது.

ஒரு சம்பவம். எங்கள் விற்பனை மேலாளர் ஒருவர் மாம்பலத்தில் ஆட்டோவில் போனை விட்டுவிட்டு இறங்கிவிட்டார். இரவு ஒன்பது மணிக்கு என்னைக் கூப்பிட்டார், குரலே வரவில்லை. டெண்டர் விலைகள் எல்லாம் அதில். நான் சர்வரில் அவர் பெயரைத் தேர்ந்து, தரவை அழித்துக் கருவியை முடக்கு என்ற கட்டளையைக் கொடுத்தேன். 'பென்டிங்' என்றே நின்றது. போன் அணைந்திருக்கிறது என்று அர்த்தம். அவரும் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை. மறுநாள் காலை யாரோ அதை இயக்கியிருக்கிறார்கள். வலையில் சேர்ந்த உடனே கட்டளை போய்ச் சேர்ந்து, என் திரையில் முடிந்தது என்று காட்டியது. அந்த நிமிடம் அவர் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். போன் திரும்பக் கிடைக்கவில்லை, அதைப் பற்றி அவர் கேட்கவும் இல்லை.

---

மேசை எண் 4 | ஞாயிறு, பகல் 2:10

நான் ஒரு நிர்வாக இயக்குநரின் செயலாளராகப் பத்து வருடம் இருந்தேன். எனக்கும் ஒரு 7290 கொடுத்திருந்தார்கள். சர்வர், சாவி எல்லாம் எனக்குத் தெரியாது. என் கட்டைவிரல்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வலது ஓரத்தில் ஒரு சக்கரம் இருக்கும். கட்டைவிரலால் உருட்டினால் பட்டியல் நகரும், உள்ளே அழுத்தினால் மெனு. அதற்குக் கீழே ஒரு சின்னப் பட்டன், பின்னால் போக. ஒரு கையில் கோப்பு, மறுகையில் போன், அப்படியே நடந்துகொண்டே படிக்கலாம். பட்டியலில் 'டி' அழுத்தினால் உச்சிக்குப் போகும், 'பி' அழுத்தினால் அடிக்கு, 'யூ' அழுத்தினால் அடுத்த படிக்காத மெயில். ஸ்பேஸ் இரண்டு முறை தட்டினால் முற்றுப்புள்ளி தானே விழுந்து அடுத்த எழுத்து பெரியதாகிவிடும். எழுத்தை அழுத்திப் பிடித்தாலும் பெரிய எழுத்து. மெயில் முகவரி அடிக்கும்போது ஸ்பேஸ் தட்டினால் முதலில் அட் குறி வரும், அடுத்ததற்குப் புள்ளி வரும். இதை முதலில் கண்டுபிடித்த அன்று பக்கத்து மேசையில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

திரை, பின்விளக்கு இல்லாமலே நல்ல வெயிலில் பளிச்சென்று தெரியும். விமான நிலையத்துக்கு வெளியே நின்று படித்தவர்களுக்கு அதன் அருமை புரியும். உறையில் ஒரு காந்தம் உண்டு, போனை அதில் நுழைத்தால் திரை தானே அணையும்.

நொய்யல் அம்மா, ஒரு யோசனை. அப்பாவிடம் "பாஸ்வேர்டு என்ன" என்று கேட்காதீர்கள். போனை இரண்டு கையிலும் கொடுத்து, வேறு ஏதாவது பேசிக்கொண்டே அடிக்கச் சொல்லுங்கள். பழைய ஆபீஸ் பாஸ்வேர்டு எனக்கும் வாயால் சொல்ல வராது, கீபோர்டில் கை வைத்தால் வரும்.

---

ஐயம் | ஞாயிறு, மாலை 4:00

சர்வர் அறைக்கு நன்றி. மூன்று அஞ்சல் என்று பிரித்தது தெளிவாக இருந்தது. ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. பூட்டு பரவலாக இருந்தது, பாதை ஒரே பாதை. உலகத்து மெயில் எல்லாம் ஒரு நிறுவனத்தின் வலை வழியாகத்தான். 2011 அக்டோபர் 10 அன்று இங்கிலாந்தின் ஸ்லாவ் தரவு மையத்தில் ஒரு முக்கிய ஸ்விட்ச் பழுதாகி, ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மத்தியக் கிழக்கு, இந்தியா, அப்புறம் அமெரிக்கா வரை சில நாட்கள் தடுமாறியதே.

---

சர்வர் அறை | ஞாயிறு, மாலை 4:25

அதில் நான் வாதாட மாட்டேன். அதுதான் இதன் உண்மையான பலவீனம். 2022 ஜனவரி 4 அன்று பழைய சேவைகளை அந்த நிறுவனம் நிறுத்தியபோதும் அதே கதை. பழைய பிளாக்பெர்ரிகளில் அழைப்பும் குறுஞ்செய்தியும்கூட இனி நம்பகமாக இயங்காது என்று அவர்களே அறிவித்தார்கள். பாதை அவர்களுடையது, மூடினால் மூடியதுதான்.

---

நொய்யல் | ஞாயிறு, இரவு 9:55

திறந்துவிட்டது!

நடந்ததைச் சொல்கிறேன். முதலில் அப்பா யோசித்து யோசித்து ஒன்றைப் போட்டார், தவறு. சர்வர் அறை அண்ணா சொன்ன மாதிரியே 'பிளாக்பெர்ரி' என்று அடிக்கச் சொன்னது. அம்மா "போதும், வைத்துவிடுங்கள், அழிந்துவிடப் போகிறது" என்றார். அப்புறம் மேசை எண் 4 அம்மா சொன்னபடி போனை அப்பா கையில் கொடுத்து, அந்தக் காலத்து டையிங் மாஸ்டர் ஒருவரைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். பேசிக்கொண்டே அடித்தார். ஏழு எழுத்து. சக்கரத்தை அழுத்தினார், முகப்பு வந்துவிட்டது. என்ன அடித்தீர்கள் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியவில்லை. மறுபடி அடிக்கச் சொல்லி, விரலைப் பார்த்து எழுதிக்கொண்டேன். அவர் அந்தக் கம்பெனியில் செய்த முதல் ஆர்டரின் ஸ்டைல் நம்பராம்.

சிம் போடவில்லை, தேதியைத் தொடவில்லை. மெயில்கள் இருக்கின்றன. 'டி' அழுத்தினேன், உச்சிக்குப் போனது. கடைசி மெயில் 2008 நவம்பர். பையரிடம் இருந்து. தீபாவளி எப்படிப் போனது என்ற விசாரிப்பு, சாம்பிள் நன்றாக வந்ததற்குப் பாராட்டு, காலர் அளவு, கை நீளம், துணியின் எடை என்று நீளப் பட்டியல். பட்டியல் முடிந்து "ஆனால் இந்த சீசனில்" என்று தொடங்கிய வாக்கியம் பாதியில் நிற்கிறது. அடியில் 'மோர்'.

அழுத்தினேன். ஒன்றும் வரவில்லை.

மிச்சத்தில் என்ன இருந்தது என்று அப்பாவிடம் கேட்டேன். அன்று ராத்திரியே அழுத்திப் படித்தாராம், அப்புறம் அந்தத் துண்டை மட்டும் நீக்கிவிட முடியுமா என்று தேடியிருக்கிறார், முடியாது என்றதும் மெயிலையே அழித்துவிட்டாராம். அப்படியானால் இது எப்படி இருக்கிறது என்று புரியாமல், மறுநாள் ஆபீஸில் சாம்பிள் அளவுக்காக முதலாளி அதையே திருப்பி அனுப்பியதுதான் இது என்று கண்டுபிடித்தோம். திருப்பி வந்ததை அப்பா திறந்திருக்கிறார், 'மோர்' மட்டும் அழுத்தவில்லை.

"நாற்பதாயிரம் பீஸ் கேன்சல்" என்றார். மிச்ச வாக்கியத்தை ஆங்கிலத்திலேயே, ஒரு வார்த்தை விடாமல் சொன்னார்.